17 மண்டிகளின் கணக்கு நிரல்: வணிகக் கருவியை வாங்குவதா, இலவசக் கருவிக்கு மாறுவதா?

பருப்புக்கணக்கு (யாங்கோன்)

வணக்கம். பயின்னாவுங் சந்தையில் உளுந்து, துவரை, பாசிப்பயறு வாங்கி விற்கும் தரகு மண்டிகளுக்குக் கணக்கு நிரல் எழுதிக் கொடுப்பது என் தொழில். 2006இல் ஒரு மண்டிக்கு எழுதினேன். இன்று 17 மண்டிகளில் ஓடுகிறது. மூட்டைக் கணக்கு, தரகு, தூக்குக் கூலி, கிடங்கு வாடகை, எஃப்ஏக்யூ (நடுத்தரம்) உளுந்து எவ்வளவு, எஸ்க்யூ (சிறப்புத் தரம்) உளுந்து எவ்வளவு என்ற இருப்பு எல்லாம் அதில் உண்டு. கப்பலில் டன் கணக்கில் போகும் சரக்கை இங்கே உள்ளுக்குள் வீசையில்தான் பேசுகிறார்கள். பர்மியர் பெய்த்தா என்பார்கள், நாம் வீசை என்போம், 1.633 கிலோ. தமிழ்நாட்டில் முன்பு வழங்கிய வீசை இதைவிடச் சிறியது. அங்கே மறைந்துபோன சொல் இங்கே தினமும் என் நிரலில் அச்சாகிறது என்பதில் எனக்கு ஒரு தனி மகிழ்ச்சி.

முழுவதும் டெல்ஃபி 7 என்ற நிரலாக்கக் கருவியில் எழுதியது, ஏறக்குறைய 60,000 வரிகள். அந்த டெல்ஃபி 2002இல் வந்த பதிப்பு. நான் அதை நடைபாதைக் கடையில் குறுந்தகடாக வாங்கினேன். அன்று ஊரில் எல்லாரும் அப்படித்தான் செய்தோம் என்றாலும், என் நிரலை யாராவது நகலெடுத்தால் எனக்கு வயிறு எரிகிறது. பிறர் உழைப்பை மட்டும் நான் அப்படி எடுத்துக்கொண்டது சரியில்லை. இந்த முறை எதைச் செய்தாலும் முறையான உரிமத்தோடு செய்யப்போகிறேன்.

இப்போது மாறியே ஆகவேண்டிய காரணம் எழுத்துரு. டெல்ஃபி 7இன் பெட்டிகளுக்கும் பொத்தான்களுக்கும் யூனிகோடு தெரியாது. அது டெல்ஃபி 2009இல்தான் வந்தது. அதனால் பர்மிய மொழிப் பெயர்களை வின் இன்வா எழுத்துருவில் சேமித்தேன். 2019 அக்டோபர் 1 முதல் நாடே யூனிகோடுக்கு மாறியது. மண்டிக்காரர் என் நிரலிலிருந்து ஒரு விவசாயியின் பெயரை நகலெடுத்துக் கைப்பேசியில் ஒட்டினால் பொருளற்ற ஆங்கில எழுத்துகள் வருகின்றன. பாமினியில் அடித்த தமிழை அந்த எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால் எப்படியிருக்குமோ, அப்படி.

அத்தோடு, இருப்பையும் அன்றைய விலையையும் ஆண்ட்ராய்டு கைப்பேசியில் பார்க்கவேண்டும் என்று பதினோரு பேர் கேட்டுவிட்டார்கள். ஒரு முதலாளியின் மகன் சிங்கப்பூரில் படித்துவிட்டு மேக் கணினியோடு திரும்பியிருக்கிறார். அவருக்கு அதில் ஓடவேண்டும்.

ஒரு மண்டிக்கு ஆண்டுப் பராமரிப்பு 8 லட்சம் கியாட் வாங்குகிறேன். பதினேழுக்கும் சேர்த்து ஒரு கோடியே 36 லட்சம். புதிய டெல்ஃபியின் புரொபஷனல் பதிப்பு கழிவில்லாமல் 1,500 டாலருக்குக் குறையாது. சந்தையில் ஒரு டாலர் 4,400 கியாட் என்று வைத்தால் 66 லட்சம். என் ஆண்டு வருமானத்தில் ஏறக்குறையப் பாதி! கியூட்டி, ஸோஜோ என்ற வேறு இரண்டு நிரலாக்கக் கருவிகளையும் பார்த்தேன். விலை குறைவுதான், ஆனால் மொழி வேறு என்பதால் 60,000 வரிகளும் வீண். ஃபிளட்டர், லசாரஸ் என்று இலவசங்களும் இருக்கின்றன. மனைவியோ, "அந்தப் பணத்தில் ஒரு நல்ல பேட்டரி வாங்கினால் மின்சாரம் இல்லாத நேரத்திலும் வேலை நடக்குமே" என்கிறார். அவர் சொல்வதை என்னால் தள்ள முடியவில்லை.

வாங்கியவர்கள், வாங்காமல் விட்டவர்கள் இரு தரப்பும் சொல்லுங்கள். உங்களுக்கு உண்மையில் எவ்வளவு ஆயிற்று?

தட்டோன் தம்பி

அண்ணா, நான் ஃபிளட்டரைச் சொல்வேன். கூகுள் 2018 டிசம்பரில் 1.0 வெளியிட்டது, பிஎஸ்டி என்ற தாராள உரிமம், காசு கேட்பதில்லை. ஆண்ட்ராய்டு, ஐஓஎஸ், விண்டோஸ், மேக், லினக்ஸ் எல்லாவற்றுக்கும் ஒரே நிரல்.

நம் ஊருக்கு அதில் இன்னொரு நன்மை உண்டு. திரையில் எழுத்தை வரைய அது இயங்குதளத்தை நம்பியிருப்பதில்லை. ஹார்ஃப்பஸ் என்ற நூலகத்தை வைத்துத் தானே கோத்துக்கொள்கிறது. அதனால் பர்மிய எழுத்தின் அடுக்குகள் எந்தக் கணினியிலும் சிதறாமல் வருகின்றன. கியூட்டியிலும் அதே நூலகம்தான்.

ஆனால் இலவசம் என்பதை நம்பி ஒரே மூச்சில் இறங்கிவிடாதீர்கள். ஃபிளட்டருக்கான டார்ட் மொழி எனக்கு மூன்று மாதத்தில் கைக்கு வந்தது, அண்ணா. அந்த மூன்று மாதமும் எனக்குக் கூலி இல்லை. ஆண்ட்ராய்டு கருவிகளை முதல்முறை நிறுவ பல ஜிபி இறக்கவேண்டும். இணையம் விட்டுவிட்டு வந்ததால் எனக்கு இரண்டு இரவு போயிற்று. மண்டியில் பில் எதில் அச்சாகிறது? புள்ளி அச்சுப்பொறியா?

பருப்புக்கணக்கு

ஆமாம் தம்பி, எப்சன் எல்எக்ஸ்-310. மூன்று படிக் கார்பன் தாள், அரைப் பக்க நீளம். ஒரு படி விவசாயிக்கு, ஒன்று லாரிக்கு, ஒன்று மண்டிக்கு. மூன்றும் ஒரே அடியில் விழவேண்டும்; அதனால் லேசர் அச்சுப்பொறிக்கு யாரும் மாறமாட்டார்கள்.

தட்டோன் தம்பி

அப்படியென்றால் மண்டிக் கணினிக்கு ஃபிளட்டர் வேண்டாம். அதில் அச்சடிப்பது பெரும்பாலும் பிடிஎஃப் வழியாகத்தான். அரைப் பக்கத் தாளில் நீளம் தவறி, நாலாவது பில் கிழிசலுக்கு மேலே போய் நிற்கும். ஒரு அரிசி மண்டிக்குச் செய்துபார்த்து விட்டுவிட்டேன். கைப்பேசிக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

பெகு அக்கா

பருப்புக்கணக்குத் தம்பி, டெல்ஃபியில் கம்யூனிட்டி பதிப்பு என்று ஒன்று 2018 முதல் இருக்கிறதே, அதைப் பார்த்தீர்களா? விண்டோஸ், மேக், ஆண்ட்ராய்டு, ஐஓஎஸ் நான்குக்கும் நிரல் ஆக்கலாம், விலை கிடையாது. ஓராண்டு உரிமம், பிறகு புதுப்பிக்கவேண்டும். ஆனால் ஆண்டு வருவாய் 5,000 டாலரைத் தாண்டக்கூடாது, உருவாக்குபவர்கள் ஐந்து பேருக்குள் இருக்கவேண்டும் என்று நிபந்தனை.

இந்த இடத்தில்தான் நம் ஊரின் சிக்கல். உங்கள் ஒரு கோடியே 36 லட்சத்தை டாலராக்கிப் பாருங்கள். நீங்கள் சொன்ன 4,400 என்றால் ஏறக்குறைய 3,090 டாலர், வரம்புக்குள் இருக்கிறீர்கள். மத்திய வங்கி 2022 ஆகஸ்டில் அறிவித்த 2,100 என்றால் 6,476 டாலர், வரம்பைத் தாண்டிவிட்டீர்கள். ஒரே ஆள், ஒரே வருமானம். அந்த 2,100க்கு உங்களுக்கு யாரும் ஒரு டாலர்கூடத் தரப்போவதில்லை. வாங்கும்போது 4,400 கொடுத்து வாங்கவேண்டும், வருமானத்தை மட்டும் 2,100இல் அளந்தால் அது நியாயமா என்று கேட்கத் தோன்றும். எனக்கும் தோன்றியது.

ஆனாலும் நான் 2,100ஐத்தான் எடுத்துக்கொண்டேன். நாளை ஒருவர் கேட்டால் காட்டுவதற்கு என்னிடம் இருக்கும் அச்சிட்ட விகிதம் அதுதான். எங்கள் அலுவலகத்தில் மூன்று பேர். நிழலில் நின்று தொழில் செய்ய எனக்கு விருப்பமில்லை. குறுந்தகடு பற்றி நீங்கள் எழுதியதைப் படித்தபோது உங்களுக்கும் இல்லை என்று தெரிந்தது. அதனால் கம்யூனிட்டி பதிப்பைப் பழகிப்பார்க்க வைத்துக்கொள்ளுங்கள். அதை நம்பி 17 மண்டிகளையும் ஏற்றாதீர்கள். மண்டிகள் கூடக்கூட மறுபடியும் இதே கேள்வி வந்து நிற்கும்.

கியூட்டி பற்றி ஒன்று: எல்ஜிபிஎல் என்ற இலவச உரிமத்தில் அதை வைத்து மூடிய மூலநிரலோடு விற்கலாம், தடையில்லை. நூலகத்தைத் தனிக் கோப்பாக இணைக்கவேண்டும், பயனர் அதை மாற்றிப்போட வழிவிடவேண்டும். ஆனால் எல்லாப் பகுதிகளும் அந்த உரிமத்தில் இல்லை. விளக்கப்படம் போடும் கியூட்டி சார்ட்ஸுக்கு, உங்கள் மூலநிரலையும் திறந்து தரச்சொல்லும் ஜிபிஎல் அல்லது வணிக உரிமம். விலை விளக்கப்படம் வேண்டும் என்று மண்டிக்காரர் கேட்டால் அப்போது மாட்டிக்கொள்வீர்கள்.

பணம் அனுப்புவதையும் செலவில் சேருங்கள். ஒரு கருவி வாங்கப் போனேன். பணம் கட்டும் பக்கத்தில் நம் நாட்டின் பெயரே இல்லை. எங்கள் சித்தப்பா குடும்பம் 1964இல் கப்பலேறிப் போய்ச் சென்னையில் இருக்கிறது. அங்குள்ள தம்பியின் அட்டையில் வாங்கலாம் என்று நினைத்து, உரிமம் யார் பெயரில், எந்த நாட்டில் என்று கேட்டு எழுதினேன். பதில் வர ஐந்து வாரம் ஆனது, அதுவும் முடியாது என்றுதான். அந்த ஐந்து வாரத்தில் ஒரு வாடிக்கையாளர் போய்விட்டார்.

மோல்மேன்காரன்

தம்பி, எனக்கு 63 வயது. ரப்பர் வியாபாரிகளுக்கு நிரல் எழுதுகிறேன். உங்களுக்கு வீசை, எங்களுக்கு ராத்தல். மற்றபடி ஒரே பாடு.

அக்கா விலையைச் சொன்னார். அதற்கு அடுத்த ஆண்டைப் பற்றி நான் சொல்கிறேன். ஒரு கருவியைப் பார்க்கும்போது நான் கேட்பது ஒன்றுதான்: பணம் கட்ட முடியாத ஆண்டில் என் கையில் என்ன மிஞ்சும்? மற்ற ஊரில் பணம் இல்லாதவர்களுக்குத்தான் இந்தக் கேள்வி. இங்கே பணம் கையில் இருந்தும் அனுப்ப வழியில்லாத ஆண்டு வரும்.

பெயர் வேண்டாம், ஒரு வணிகக் கருவியை முழு விலை கொடுத்து வாங்கினேன். நிரந்தர உரிமம் என்று தாளில் இருந்தது. நாலாம் ஆண்டு என் வன்தட்டு கெட்டது. புதிய தட்டில் நிறுவினால் இணையத்தில் மறுபதிவு செய்யவேண்டும். பதிவு ஏற்கப்படவில்லை, சந்தாவைப் புதுப்பித்தால்தான் பேசுவோம் என்றார்கள். புதுப்பிக்கப் பணம் அனுப்ப வழியில்லை. உரிமத் தாள் கையில், மூலநிரல் கையில், அதை ஓடும் நிரலாக மாற்ற, அதாவது கம்பைல் செய்ய மட்டும் முடியாது. ரப்பர் விலை ஏறியிருந்த மாதம் அது. ஒன்பது வியாபாரிகளிடம் போய், "தராசு இணைப்பில் உள்ள பிழையைத் திருத்த முடியவில்லை" என்று ஒவ்வொருவரிடமும் சொன்னேன். அந்த மாதத்தை நான் மறக்கவில்லை.

ஆகவே ஒவ்வொரு உரிமத்திலும் நின்றுபோகும் இடத்தைத் தேடிப் படியுங்கள். ஸோஜோவில் எழுதிப் பார்ப்பதற்கும் ஓட்டிப் பார்ப்பதற்கும் பணமில்லை, இறுதி நிரலாக ஆக்கத்தான் உரிமம். ஓராண்டுக்குக் கட்டினால் அந்த ஓராண்டில் வந்த பதிப்புகளைத் தொடர்ந்து பயன்படுத்தலாம். ஜெட்பிரெயின்ஸ் நிறுவனத்தின் நிரலாக்கக் கருவிகளில் 12 மாதம் தொடர்ந்து கட்டினால் ஒரு பழைய பதிப்பு உங்களுக்கே நின்றுவிடும். இவை நாணயமான ஏற்பாடுகள் என்பேன்.

கருவியே நின்றுபோவதும் உண்டு. டெல்ஃபியை உருவாக்கிய போர்லாண்ட் 2001இல் லினக்ஸுக்கு என்று அதன் வடிவமான கைலிக்ஸைக் கொண்டுவந்தது. மூன்றாவது பதிப்போடு அது முடிந்தது. கைப்பேசிச் செயலி எழுதும் ஸாமரின் ஒரு காலத்தில் இயங்குதளத்துக்கு இத்தனை டாலர் என்று விற்கப்பட்டது. 2016இல் மைக்ரோசாஃப்ட் வாங்கி இலவசமாக்கியது. 2024 மே 1இல் ஆதரவு முடிந்தது. லைவ்கோட் என்ற நிரலாக்கக் கருவி 2013இல் மக்களிடம் பணம் திரட்டித் திறந்த மூலமாகி, 2021இல் அந்த இலவசப் பதிப்பை நிறுத்தியது. இலவசமும் நிற்கும், விலையுள்ளதும் நிற்கும். ஆனால் திறந்த மூலத்தில் ஏற்கெனவே உங்கள் தட்டில் இருக்கும் கம்பைலரை யாரும் வந்து பூட்ட முடியாது. கியூட்டி விஷயத்தில், அதை வைத்து இலவச மென்பொருள் எழுதும் கேடிஇ அமைப்பு 1998லேயே ஒப்பந்தம் போட்டு, இலவசப் பதிப்பு நின்றால் தாராளமான உரிமத்தில் வெளியிடும் உரிமையை வாங்கி வைத்தது. நானும் கருவி வாங்கும்போது அப்படி யோசித்திருக்கவேண்டும்.

உங்கள் 60,000 வரிகளுக்கு லசாரஸ். அதுவும் டெல்ஃபி போலப் பாஸ்கல் மொழிக் கருவிதான். அதன் அடியில் உள்ள ஃப்ரீ பாஸ்கல் கம்பைலர் 1993 முதல் வளர்ந்து வருகிறது, லசாரஸ் 1999 முதல். நிரல் எழுதி விற்க எந்தத் தடையும் இல்லை, வருவாய் வரம்பும் இல்லை. டெல்ஃபி திட்டத்தை மாற்றித்தரும் கருவி உள்ளேயே இருக்கிறது. படிவங்கள், பொத்தான்கள் பெரும்பாலும் அதே பெயரில் வந்துவிடும். அச்சுப்பொறிக்கு நேராக அனுப்பும் டிபிரிண்டரும் உண்டு, அதனால் உங்கள் அரைப் பக்கப் பில் பிழைக்கும். எழுத்துச் சரங்கள் யூனிகோடின் ஒரு வடிவமான யூடிஎஃப்-8. இறக்கும் அளவும் சில நூறு எம்பிதான், ஒரு இரவில் முடிந்துவிடும்.

வலிக்கும் இடம் தரவுத்தளம். டெல்ஃபி 7 என்றால் நீங்கள் பிடிஈ என்ற பழைய தரவுத்தள இணைப்பு வழியாகப் பாரடாக்ஸ் கோப்புகளில் வைத்திருப்பீர்கள் என்று நினைக்கிறேன். லசாரஸில் அது கிடையாது. டெல்ஃபியை விலைகொடுத்து வாங்கினாலும் நிம்மதியில்லை. எக்ஸ்ஈ7 பதிப்பு முதல் அங்கேயும் பிடிஈயை எடுத்துவிட்டார்கள். எப்படியும் ஃபயர்பேர்டு, எஸ்கியூலைட் போன்ற வேறொரு தரவுத்தளத்துக்குப் போகவேண்டும். அதை உங்கள் 66 லட்சக் கணக்கில் சேர்த்தீர்களா? எனக்கு முழு மாற்றத்துக்கும் ஏழு மாதம் ஆனது, அதில் நாலு மாதம் தரவுக்கு மட்டும்.

எத்தனை மண்டியில் இன்னும் விண்டோஸ் 7 இருக்கிறது என்று எண்ணிப் பாருங்கள். லசாரஸ் எழுத்தை விண்டோஸிடம்தான் வரையச் சொல்கிறது. மியன்மா டெக்ஸ்ட் எழுத்துரு விண்டோஸ் 8 முதல்தான் கூடவே வருகிறது. 7இல் அடுக்குகள் கலைந்து தெரியும்.

மேக் ஒன்றே ஒன்று என்றால் அதற்காக மேக் வாங்காதீர்கள். அந்தப் பையனிடமே அரைநாள் கணினியைக் கேட்டு, லசாரஸை அதில் நிறுவி அங்கேயே ஆக்கிக் கொடுங்கள். ஆப்பிளின் 99 டாலர் ஆண்டுச் சந்தா இல்லாவிட்டால் எச்சரிக்கை வரும், அமைப்புகளில் போய் ஒருமுறை அனுமதித்தால் ஓடும். கூகுள் ப்ளேயில் 25 டாலர் ஒரே தடவை. அதுகூட உடனே வேண்டாம், பதினோரு பேருக்கும் கோப்பை நேரில் கொண்டுபோய்ப் போட்டுக் கொடுங்கள்.

பருப்புக்கணக்கு

ஐயா, அக்கா, தம்பி, மூவருக்கும் நன்றி. பத்து நாள் கழித்து எழுதுகிறேன், சும்மா இருக்கவில்லை.

கணக்கை மறுபடியும் போட்டேன். டெல்ஃபி வாங்கினால் 66 லட்சம், அதன்மேல் தரவுத்தள மாற்றத்துக்கு நாலு மாதம், அடுத்த ஆண்டு புதுப்பிப்பு. லசாரஸில் அந்த நாலு மாதத்தோடு படிவங்களைச் சரிசெய்ய இன்னும் மூன்று மாதம். அந்த மூன்று மாதத்தின் என் கூலி 34 லட்சம். அப்படிப் பார்த்தாலும் 66ஐ எட்டவில்லை, பணமும் ஊரைவிட்டு வெளியே போகவில்லை. அக்கா சொன்ன 2,100 கணக்கை ஏற்றுக்கொள்கிறேன்; கம்யூனிட்டி பதிப்பை எடுக்கவில்லை.

பதினேழில் ஐந்து மண்டியில் விண்டோஸ் 7. அவர்களிடம் பேசினேன், மூவர் கணினி மாற்றுவதாகச் சொல்லிவிட்டார்கள். கைப்பேசிக்குத் தம்பி சொன்னபடி ஃபிளட்டரில் இருப்பும் விலையும் மட்டும் காட்டும் சிறு செயலி. எழுதுவதெல்லாம் மண்டிக் கணினியில்தான். தம்பி, அதை நீங்களே எழுதித்தர முடியுமா? கூலி தருகிறேன். நான் டார்ட் பழகும் மூன்று மாதத்தைவிட அது எனக்கு மலிவு, உங்களுக்கும் வேலை.

குறுந்தகட்டை உடைத்துப் போட்டுவிட்டேன். பழைய பதிப்பில் இனித் திருத்தம் கிடையாது என்று மண்டிகளுக்குச் சொல்லியிருக்கிறேன். அடுத்த உளுந்து அறுவடைக்கு முன் ஒரு மண்டியாவது புதியதில் ஓடவேண்டும்.

முந்தாநாள் லசாரஸில் பெயர்ப்பட்டியல் படிவம் திறந்தது. வின் இன்வாவிலிருந்து யூனிகோடுக்கு மாற்றும்போது ஒரு தடங்கல். நம் ஒற்றைக்கொம்பு போல எழுத்துக்கு முன்னால் நிற்கும் தவேடோ குறி வின் இன்வாவில் முதலில் சேமிக்கப்படுகிறது, யூனிகோடில் எழுத்துக்குப் பின்னால் வரவேண்டும். சாதாரணப் பெயர்கள் சரியாக மாறுகின்றன. கூட்டெழுத்து வந்தால் குறி இடம் தவறுகிறது. 4,000 விவசாயிகளின் பெயர்கள், கையால் திருத்த முடியாது. ஐயா, உங்களிடம் மாற்று அட்டவணை இருக்கிறதா?

தட்டோன் தம்பி

எழுதித்தருகிறேன் அண்ணா. அடுத்த வாரம் யாங்கோன் வருகிறேன், மண்டியை நேரில் பார்க்கவேண்டும்.

மோல்மேன்காரன்

இருக்கிறது தம்பி, தனி அஞ்சலில் அனுப்பிவிட்டேன். மெய்யைச் சுற்றி வளைக்கும் யயிட் குறியும் வின் இன்வாவில் முன்னால்தான் நிற்கும். இரண்டும் சேர்ந்து வரும் பெயரில்தான் உங்கள் நிரல் தடுமாறுகிறது. யூனிகோடில் முதலில் மெய், அடுத்து யயிட் முதலான சேர்ப்புக் குறிகள், அதற்குப் பிறகு கொம்பு. முதலில் யயிட்டை நகர்த்துங்கள், பிறகு கொம்பை. பழைய கோப்புகளை ஒரு படி எடுத்து வைத்துவிட்டுத் தொடங்குங்கள், 200 பெயரை மாற்றி மண்டிக் கணக்கரிடம் அச்சடித்துக் காட்டுங்கள். விவசாயிகளின் பெயர் அவருக்குத் தெரியும், தவறினால் அவர்தான் கண்டுபிடிப்பார்.